சோறு ஏன் இறங்கவில்லை?

பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்தோடு பொழுது விடிகிறது. பள்ளிக்கூடம் புறப்படும் நேரத்தில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி இரண்டு இட்லி தின்கிறாள். சற்றைக்கெல்லாம் புழக்கடைக்கு ஓடி வாந்தி எடுக்கிறாள். "வேஷம் போடுகிறாள்!" என்கிறார் தகப்பனார். பாட்டி உப்பு மிளகாய் சுற்றிப் போடுகிறாள். பூச்சி மருந்து, பித்தத்துக்குக் கஷாயம், எல்லாம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவளுக்கு வாந்தி வருவதில்லை என்பதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. இப்படி ஒரு வீடு எந்த ஊரிலும் இருக்கலாம்.

வாலிபப் பிராயத்தில் வரும் உணவுக் கோளாறு என்றால், பணக்கார வீட்டுப் பெண்கள் மெலிவதற்காகப் பட்டினி கிடப்பது என்றே பலர் நினைக்கிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள் 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி வேறு கதை சொல்கிறது. தங்களிடம் வந்த சிறுவர் சிறுமியரில் உணவுக் கோளாறு உள்ள 41 பேரை அவர்கள் கண்டார்கள். பட்டினியால் உடலை உருக்கும் 'அனோரெக்ஸியா' என்ற வியாதி அவர்களில் 6 பேருக்குத்தான். மீதி 35 பேருக்கும் மனக்காரணத்தால் வரும் வாந்தி! வயிற்றில் குற்றமில்லை, மனத்தில் அடைத்துக் கிடந்தது வாய்வழியே வந்தது.

பரீட்சைப் பயம், வகுப்பில் பட்ட அவமானம், தாய் தகப்பன் சண்டை, வெளியே சொல்ல முடியாத தொந்தரவு என்று காரணங்கள் பல. அதிலும் நம் வீடுகளில் மார்க்கு விசாரணை நடப்பது சாப்பாட்டு வேளையில்தானே! தட்டைக் கண்டாலே குழந்தைக்குக் குமட்டினால் அதில் என்ன ஆச்சரியம்?

அதற்காக மெலியும் மோகத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. பீஜித் தீவில் ஒரு பகுதிக்கு 1995-இல் டெலிவிஷன் வந்தது. எடை குறைக்க வாந்தி எடுக்கும் வழக்கம் அதுவரை அங்குள்ள பள்ளிப் பெண்களிடம் இல்லை. 1998-இல் 100-க்கு 11 பேர் அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். இன்று அந்தப் பெட்டி ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் இருக்கிறது. ஆனால் படம் பார்த்த எல்லோரும் நோயாளிகள் ஆவதில்லை. பிறவியிலேயே சிலருக்கு இந்த நோய்க்கு இடமிருக்கிறது என்று இரட்டையர்களைப் பற்றிய ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அத்தகைய பெண்ணிடம், "என்ன, இப்படிப் பெருத்துவிட்டாய்?" என்று கல்யாண வீட்டில் ஒரு சித்தி கேட்பது உலர்ந்த பஞ்சில் விழும் பொறி. பட்டினி நீடித்தால் மூளையும் வாடும். பிறகு, "சாப்பிடு" என்ற புத்திமதி காதில் ஏறாது. உயிருக்கே ஆபத்தும் வருவதுண்டு.

வாந்தி ஓயாவிட்டால் முதலில் வைத்தியரிடம் காட்டி, உடம்பில் வேறு வியாதி இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் மனநல வைத்தியரிடம் போவதில் வெட்கம் எதற்கு? பெண்ணுக்குப் பைத்தியம் என்று ஊர் சொல்லுமே, வரன் தட்டிப்போகுமே என்று பல பெற்றோர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்திலேயே மாதங்கள் கழிகின்றன; பெண் இளைத்துக்கொண்டே போகிறாள். வீட்டில் இருந்தபடியே யோசனை கேட்க, 2022-இல் மத்திய அரசு தொடங்கிய 14416 என்ற இலவச டெலிபோன் இருக்கிறது. அதில் தமிழிலேயே பேசலாம்.