பட்டாணியும் முள்ளுக் கத்தரியும்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காட்பாடியில் நண்பர் ஒருவரின் வீட்டில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். அண்மையில் வெளிவந்த நாவல் ஒன்றைப் பற்றிப் பேசுவதாகத்தான் ஏற்பாடு. மதிய உணவில் பரிமாறப்பட்ட குருமா அந்த நாவலை ஓரமாகத் தள்ளிவிட்டது. அதிலிருந்த பட்டாணி, உறையவைத்துப் பொட்டலமாக விற்கப்படும் பட்டாணி என்று நண்பரின் மனைவி சற்றுத் தயக்கத்தோடு சொன்னார். எங்களில் மூத்தவர், "ஐஸ்ல கெடந்ததெல்லாம் ஒரு காயாம்மா?" என்றார். எங்களில் இளையவரோ, சந்தையில் வாங்கும் பட்டாணியைவிட இதுவே மேல் என்று வாதிடத் தொடங்கினார். மாலை ரயிலுக்கு நேரமாகும்வரை விவாதம் ஓயவில்லை. இருவரும் பாதிதான் சரி என்று எங்களுக்குத் தோன்றுகிறது. மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் சொல்லைக் கவனிப்போம். காய் வாங்கும் நம் வீட்டுப் பெண்கள் 'ஃப்ரெஷ்' என்ற சொல்லை அண்மைக் காலம்வரை பயன்படுத்தியதில்லை. இளசு, முற்றல், வாடல், சொத்தை என்றுதான் பிரித்தார்கள். இச்சொற்கள் ஒவ்வொன்றும் காயின் வயதையோ, பறித்தபின் கடந்த பொழுதையோ, அதற்கு நேர்ந்த கேட்டையோ குறிப்பவை. 'ஃப்ரெஷ்' என்ற கடைப்பலகைச் சொல் இவற்றையெல்லாம் ஒன்றாக்கி மறைத்துவிட்டது. உறையாத காய் அனைத்தும் புதிய காய் என்றாகிவிட்டது. பறித்து ஐந்து நாளானதும், இன்று காலை பறித்ததும் அந்தப் பலகைக்குக் கீழே ஒரே தகுதி பெறுகின்றன.

பட்டாணியையே எடுத்துக்கொள்வோம். அது குளிரை விரும்பும் பயிர். தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் விளைகிறது. நாட்டின் பெரும்பகுதி விளைச்சலோ உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பஞ்சாப் முதலிய வட மாநிலங்களின் குளிர்காலத்துக்கு உரியது. வேலூரின் வெயிலில் அது நமக்கு எப்போதுமே விருந்தாளிதான். செடியிலிருந்து பிரிந்த மணி நேரத்திலிருந்தே பட்டாணியின் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது. லாரியிலும் மண்டியிலும் கடைக்கூடையிலுமாகச் சில நாட்களைக் கழித்துவிட்டு நம்மிடம் வரும்போது அதன் இனிப்பில் ஒரு பகுதி வழியிலேயே கரைந்திருக்கும். காய்ந்த பட்டாணியை ஊறவைத்துச் சாயமேற்றிப் பச்சைப் பட்டாணியென்று விற்கும் மோசடி வேறு இருக்கிறது.

உறையவைக்கும் ஆலையில் நடப்பது இதற்கு நேர்மாறு. பறித்த சில மணி நேரத்துக்குள் பட்டாணியைக் கொதிநீரிலோ நீராவியிலோ சிறிது நேரம் காட்டி எடுக்கிறார்கள். நிறத்தையும் சுவையையும் கெடுக்கும் நொதிகள் அந்தச் சூட்டில் செயலிழக்கின்றன. நீரில் கரையும் வைட்டமின் சி-யில் ஒரு பகுதி அப்போது போய்விடுகிறது என்பது உண்மை. அதன்பின் கடுங்குளிரில் விரைவாக உறையவைத்து, மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் இழப்பு மிக மெதுவாகவே நிகழ்கிறது. 2015-இல் வெளியான கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வொன்று எட்டு வகைக் காய்கனிகளைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தவை, உறையவைத்தவை என்று ஒப்பிட்டது. ஐந்தில் வைட்டமின் சி அளவில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. மூன்றில் உறையவைத்தவையே முந்தின. அதே ஆய்வில், உறைந்த பட்டாணியிலும் கேரட்டிலும் பீட்டா கரோட்டின் குறைந்திருந்ததையும் சொல்லிவிட வேண்டும். மொத்தத்தில், தொலைவிலிருந்து வரும் காயைப் பொறுத்தவரை எங்கள் இளைய நண்பரின் கட்சியே வலுவானது.

விரைவாக உறையவைப்பதன் மர்மத்தை நவீன உலகம் கற்றுக்கொண்டது வட துருவத்தை ஒட்டிய மக்களிடமிருந்து. 1910-களில் கனடாவின் லாப்ரடார் பகுதியில் வாழ்ந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர், அங்குள்ள இன்யூட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் நொடிப்பொழுதில் உறைவதையும், மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் சுவை மாறாதிருப்பதையும் கண்டார். மெதுவாக உறைந்தால் பெரிய பனிப்படிகங்கள் தோன்றித் திசுவைக் கிழிக்கும். விரைவாக உறைந்தால் படிகங்கள் சிறுத்து, திசு பிழைத்துக்கொள்ளும். அவருடைய முறையில் உறைந்த உணவுகள் 1930-இல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் முதன்முறையாக விற்பனைக்கு வந்தன.

பொருளைக் கெடாமல் காப்பது நமக்கு அந்நியமான காரியமும் அன்று. ஆவக்காயையும் சுண்டை வற்றலையும் கருவாட்டையும் எங்கள் மூத்த நண்பர் பழையதென்று ஒதுக்குவதில்லை. உப்பும் வெயிலும் நமக்கு உறவுக்காரர்கள். பனிக்கட்டி மட்டும் அயலான். அதிலும் இந்தத் தோல் மண்டலத்துக்காரர்களுக்குப் பதப்படுத்தலைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. உரித்த தோல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். உடனே உப்பிட்டால்தான் அது ஆம்பூருக்கோ வாணியம்பாடிக்கோ ராணிப்பேட்டைக்கோ போய்ச் சேரும். காலத்தைத் தடுத்து நிறுத்தும் தொழிலில் வளர்ந்த ஊர்கள் இவை.

இனி மறுபாதிக்கு வருவோம். அன்றைய விருந்தில் குருமாவுக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கத்தரிக்காயும் இருந்தது. அதைப் பற்றி ஒருவரும் வாதிடவில்லை. இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டதோடு சரி. அணைக்கட்டு வட்டாரத்து இலவம்பாடியின் பெயரால் நாம் அறிந்த முள்ளுக் கத்தரி அது. அதற்கு 'வேலூர் முள்ளுக் கத்தரி' என்ற பெயரில் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆம்பூர் பிரியாணிக்குப் பக்கத்தில் புளிப்பாக ஒரு கத்தரிக்காய் வராவிட்டால் அந்தப் பிரியாணி முழுமை பெறுவதில்லை என்பதை இந்தப் பக்கத்தில் எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

இந்தக் கத்தரிக்காயைப் பச்சையாக உறையவைத்துப் பாருங்கள். பஞ்சு போன்ற அதன் சதை, பனி உருகியதும் நீர்விட்டுக் குழைந்துவிடும். வெட்டிய முகம் கறுத்துவிடும். சுட்டு மசித்த விழுதாக வேண்டுமானால் காக்கலாம். காம்போடு நான்காகக் கீறி மசாலை அடைத்து வதக்கும் காயாக முடியாது. உறைய வேண்டாம், குளிர்பதனப் பெட்டியில் வைப்போம் என்றாலும், ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்தால் தோலில் பள்ளங்கள் விழுந்து விதைகள் பழுப்பேறும். வெள்ளரியும் இப்படியே. பொன்னாங்கண்ணியையும் அரைக்கீரையையும் உறையவைத்தால் சத்து ஓரளவு மிஞ்சலாம்; பொரியலின் உதிரி மிஞ்சாது. எனவே உறைந்ததும் உறையாததும் சமமா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்தக் காய், எவ்வளவு தொலைவிலிருந்து என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

இங்கேதான் எங்களுக்குக் கவலை தொடங்குகிறது. பட்டாணிக்குக் காப்பு இருக்கிறது. பக்கத்தில் விளையாவிட்டாலும் ஆலையும் குளிர்வண்டியும் அதை நம் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். முள்ளுக் கத்தரிக்கு அந்தக் காப்பு இல்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு வயலும், அந்த வயலுக்கு நல்ல தண்ணீரும் இருந்தாக வேண்டும். பாலாற்றுப் படுகையில் அந்தத் தண்ணீருக்கு என்ன நேர்ந்தது என்பது நீதிமன்ற ஆவணங்களிலேயே பதிவாகியுள்ளது. தோலைக் காத்த உப்பு, தொட்டிகளில் கழுவப்பட்டு நிலத்தடி நீரில் இறங்கியது. குரோமியக் கழிவும் கூடவே இறங்கியது. 1996 ஆகஸ்டில் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற்போனதைக் குறிப்பிடுகிறது. 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்ற தீர்ப்பும் அதுவே. 28 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கும்படியும், கண்காணிக்க ஒரு குழுவை அமைக்கும்படியும் அதே நீதிமன்றம் மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது.

தோல் தொழிலைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு எழுந்து போவது எங்கள் நோக்கமன்று. காலணித் தொழிற்சாலைக்குக் காலையில் பேருந்தேறும் பெண்களின் சம்பளத்தில்தான் இந்த ஊர்களின் பாதி அடுப்புகள் எரிகின்றன. வேலை முடிந்து இருட்டியபின் வீடு திரும்பும் ஒரு பெண், உரித்துக் கழுவிய பட்டாணிப் பொட்டலம் ஒன்றைப் பிரிப்பதைக் குறை சொல்லும் உரிமை, மாலை முழுதும் இலக்கியம் பேசிய எங்களுக்கு இல்லை. அன்று தயங்கியபடி உண்மையைச் சொன்ன நண்பரின் மனைவிக்கு நாங்கள் ஒரு மன்னிப்புக் கடன்பட்டிருக்கிறோம்.

பொட்டலம் வாங்குவோருக்கு ஒரே ஒரு சொல்: குலுக்கிப் பாருங்கள். பட்டாணி தனித்தனியாக உருண்டால் நல்லது. கட்டியாக இருந்தால், மின்சாரம் போனபோதோ வண்டியில் வந்தபோதோ ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கக்கூடும், அதை விட்டுவிடலாம்.

ஆனால் கத்தரிக்காயும் கீரையும் உழவர் சந்தையில் வாங்குங்கள். 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய அத்திட்டம், விளைவித்தவரே தராசு பிடிக்கும் ஏற்பாடு. காட்பாடியிலும் அப்படியொரு சந்தை இருக்கிறது. காய் எந்த ஊர்க் கிணற்றில் விளைந்தது, தண்ணீர் எப்படியிருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் உண்டு. புவிசார் குறியீடு ஒரு காயின் பெயரைக் காக்கும், கிணற்றைக் காக்காது. அந்தக் கேள்வியை வாங்குகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தால், கிணற்றைப் பற்றிய பேச்சு நீதிமன்றத்துக்கு வெளியிலும் நடக்கும். பட்டாணியைப் பற்றி ஒரு மாலை முழுதும் வாதிட முடிந்த நமக்கு அது பெரிய காரியமாக இருக்கக் கூடாது.