கண்ணில் ஊசியா? பயம் வேண்டாம்!

"கண்ணில் ஊசி போட வேண்டும்" என்று டாக்டர் சொன்னதும் பலருக்கு நடுக்கம் எடுக்கிறது. சிலர் அதன் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை. ஊசிக்குப் பயந்து பார்வையை இழப்பது சரியா?

மணமேல்குடி கடலோர ஊர். அறுந்த வலைக் கண்ணை உட்கார்ந்து முடிந்துவிடலாம். மனிதனின் கண் போனால் முடிய முடியாது.

சர்க்கரை செய்யும் வேலை

கண்ணுக்குள் பின்புறம் விழித்திரை இருக்கிறது. அதில் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. சர்க்கரை நோய் பல வருஷம் அடங்காமல் இருந்தால் அவை கெடுகின்றன. பிராணவாயு போதாமல் விழித்திரை தவிக்கிறது. உடனே ஒரு ரசாயனப் பொருளைச் சுரக்கிறது. அதனால் புதுக் குழாய்கள் முளைக்கின்றன.

முளைத்தால் நல்லதுதானே? இல்லை! அவை பலமற்றவை. கசியும், உடையும். கண்ணுக்குள் ரத்தம் கட்டும். பார்வை மறையும்.

ஆரம்பத்தில் வலி இருக்காது. பார்வையும் நன்றாகவே இருக்கும். ஆபத்து அதில்தான்!

மருந்து வந்த கதை

அந்த ரசாயனப் பொருளை 1989-ல் அமெரிக்காவில் விஞ்ஞானி நெப்போலியன் பெராரா கண்டறிந்தார். அதை அடக்கும் 'பெவாசிசுமாப்' மருந்து, 2004-ல் குடல் புற்றுநோய்க்கு வந்தது. கண் டாக்டர்கள் அதையே சிறு துளி அளவில் கண்ணில் செலுத்திப் பார்த்தார்கள். பலன் கிடைத்தது. 2006-ல் கண்ணுக்கென்றே 'ரானிபிசுமாப்' வந்தது.

2011 வாக்கில் அமெரிக்காவில் ஒரு ஊசிக்குப் புது மருந்து சுமார் 2,000 டாலராக இருந்தது. பழையது சுமார் 50 டாலராக இருந்தது. முதுமையில் வரும் விழித்திரை நோய்க்கு இரண்டும் சமமாகவே வேலை செய்வதாக 2011-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. ஏழைக்கு இது நல்ல செய்தி அல்லவா?

ஊசிக்கு முன் கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவார்கள். வெள்ளை விழியில் நொடிப் பொழுதில் ஊசி முடிந்துவிடும். பிறகு வலியோ சிவப்போ அதிகமானால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள் முன்னதாகவே சொல்ல வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது

ஒரு ஊசியோடு தீராது. முதலில் மாதம் ஒன்றாகச் சில ஊசிகள் தேவைப்படும். கடலுக்குப் போகாத நாளில் வருமானம் இல்லை. பஸ் செலவு வேறு. இதனால்தான் பலர் பாதியில் நிறுத்துகிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்டத்து ஏழைகளுக்கு இந்த ஊசி அங்கே தடையின்றிக் கிடைக்க வேண்டும். 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வீட்டு வாசலிலேயே சர்க்கரை பார்க்கிறார்கள். அதோடு விழித்திரையையும் படம் பிடிக்க வேண்டும். முடியாத காரியமா? மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. இன்று அதன் கிராம மையங்களில் இருப்பவர்கள், நகரத்து டாக்டரிடம் தொலைவிலிருந்தே யோசனை பெறுகிறார்கள். அரசாலும் முடியும்!

குடும்பத்தார் கவனத்துக்கு

வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா? பார்வை நன்றாக இருந்தாலும் வருஷம் ஒரு முறை விழித்திரையைச் சோதிக்கச் செய்யுங்கள். ஊசி தேவை என்றால் துணைக்குப் போங்கள். அடுத்த தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

போன பார்வை முழுவதும் திரும்புவது அரிது. இருப்பதைக் காப்பாற்றலாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?