கோவைக்கு வந்த கோப்பை எங்கே?

குட்டீஸ், முதலில் ஒரு கேள்வி. நம்ம கோயமுத்தூரில் 1978-ல் அகில இந்திய அளவில் பெரிய கால்பந்துப் போட்டி ஒன்று நடந்தது. அதில் ஜெயித்தது யார்?

சிங்காநல்லூர் குளத்துப் பக்கம் பந்து உதைத்துக்கொண்டிருந்த பசங்களிடம் இதே கேள்வியைக் கேட்டேன். பத்துப் பேரில் நாலு பேர் பார்சிலோனா பனியன் போட்டிருந்தார்கள். மெஸ்ஸியைப் பற்றிக் கேட்டிருந்தால் நான், நீ என்று முந்திக்கொண்டு சொல்லியிருப்பார்கள். இதற்கு மட்டும், "தெரியலீங்" என்று தலையைச் சொறிந்தார்கள்.

விடை என்ன தெரியுமா? ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் இரண்டு அணியுமே! கல்கத்தாவின் பரம எதிரிகளான இந்த இரண்டு அணிகளும் நம்ம ஊருக்கு வந்து இறுதி ஆட்டத்தில் மோதின. ஒரு கோல் கூட விழவில்லை. கோப்பை இருவருக்கும் பொது என்று அறிவித்துவிட்டார்கள்.

"ஏனுங்ண்ணா, ஒரே கப்பை ரெண்டு டீமு எப்படிங் பங்கு போட்டுக்கும்?" என்று கேட்டான் ஒரு வாண்டு. நியாயமான கேள்விதான். இந்தக் காலமாக இருந்தால் பெனால்டி அடிக்க வைத்து முடிவு கட்டியிருப்பார்கள். இதில் இன்னொரு வேடிக்கை, 1980-லும் இதே இரண்டு அணிகள் இறுதிக்கு வந்து 1-1 என்று நின்றன. மறுபடியும் கோப்பை பொது!

அந்தப் போட்டியின் பெயர் ஃபெடரேஷன் கோப்பை. 1977-ல் தொடங்கியது. நடுவில் சில வருடங்கள் நடக்காமல் போனாலும் 2017 வரை ஓடியது. அந்த வருடம் கட்டாக்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் பெங்களூரு அணி கூடுதல் நேரத்தில் மோகன் பகானை 2-0 என்று வென்றது. இரண்டு கோலும் போட்டவர் கேரளத்துக்காரர் சி.கே.வினீத். அதோடு கடையைக் கட்டிவிட்டார்கள். 2018 முதல் சூப்பர் கப் என்று புதிதாக ஒன்று வந்தது.

அப்படி மூடியது தப்பு என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

லீக் போட்டி என்றால் எல்லா அணியும் எல்லா அணியோடும் ஆடும். மாதக்கணக்கில் போகும். கடைசியில் யாருக்குப் புள்ளி அதிகமோ அவர்தான் சாம்பியன். நியாயமான முறைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் பெரும்பாலும் பணமும் ஆள் பலமும் உள்ள அணிதான் மேலே வரும். கோப்பைப் போட்டி வேறு மாதிரி. கடைசிக் கட்டத்தில் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரே ஒரு நாள் நன்றாக ஆடிவிட்டால் சின்ன அணி பெரிய அணியை மண்ணைக் கவ்வ வைத்துவிடும்.

முதல் கோப்பையையே பாருங்கள். 1977, எர்ணாகுளம். ஒரு பக்கம் மோகன் பகான். அதே வருடம் செப்டம்பரில், பீலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியுடன் மோதி 2-2 என்று சமன் செய்தார்களே, அந்த மோகன் பகான்! எதிரே பெங்களூரு ஐ.டி.ஐ. அணி. ஐ.டி.ஐ. என்றால் டெலிபோன் செய்கிற அரசாங்கத் தொழிற்சாலை. ஜெயித்தது யார்? டெலிபோன் ஃபேக்டரி அணி, 1-0!

நம்ம சிங்காநல்லூரும் பஞ்சாலை ஊர்தான். ஆலைச் சங்கு ஊதினால் ஷிப்டுக்கு ஓடிய தாத்தாக்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். ஒரு தொழிற்சாலையின் அணி இந்தியாவையே ஜெயித்தது என்றால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

1979-ல் எல்லைப் பாதுகாப்புப் படை அணி கோப்பையைத் தூக்கியது. 1990-ல் கேரள போலீஸ். அந்த இறுதி ஆட்டம் நடந்தது திருச்சூரில். கேரள போலீஸ் அணியில் ஐ.எம்.விஜயன் என்று ஒரு இளைஞர் இருந்தார். சின்னப் பையனாக இருந்தபோது அதே திருச்சூர் மைதானத்தில் சோடா விற்றவர். பின்னாளில் இந்திய அணிக்கே கேப்டன் ஆனார். 2025-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. கேரள போலீஸ் அடுத்த வருடமும் கோப்பையை விடவில்லை.

1997 கதை இன்னும் சுவாரசியம். அரை இறுதியில் மறுபடியும் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான். கல்கத்தா சால்ட் லேக் மைதானத்துக்கு அன்று வந்த கூட்டம் 1,31,781 பேர் என்று கணக்கு இருக்கிறது. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது. கோப்பை அவர்களுக்குத்தான் என்று எல்லாரும் முடிவு கட்டியிருப்பார்கள் அல்லவா? இறுதியில் கோவாவின் சல்காவ்கர் அணி 2-1 என்று அவர்களைக் கவிழ்த்துவிட்டது!

"அப்படியென்றால் மோகன் பகான் மட்டும் 14 தடவை ஜெயித்தது எப்படி?" என்று யாராவது மடக்கலாம். உண்மைதான். ஈஸ்ட் பெங்கால் 8 தடவை. பெரிய அணிகள்தான் அதிகம் ஜெயித்தன. ஆனால் கதவு சாத்தப்படவில்லை என்பதுதான் என் பேச்சு.

இது நம்ம நாட்டில் மட்டும் நடந்தது இல்லை. ஐரோப்பாவில் 'கப் வின்னர்ஸ் கப்' என்று ஒரு போட்டி இருந்தது. ஒவ்வொரு நாட்டிலும் கோப்பை ஜெயித்த அணிகள் தங்களுக்குள் மோதும். 1960-ல் தொடங்கியது. முதல் கோப்பை இத்தாலியின் ஃபியோரன்டினாவுக்கு. 1963-ல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் அணி, சைப்ரஸ் நாட்டு அப்போயல் அணியை 16-1 என்று வென்றது. கால்பந்துதானா, கபடியா என்று சந்தேகம் வரும்! அதிகம் ஜெயித்தது பார்சிலோனா, 4 தடவை. ஆனாலும் எந்த அணியும் அடுத்தடுத்து இரண்டு வருடம் ஜெயித்ததே இல்லை. 1983-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் ரியல் மாட்ரிட்டையே 2-1 என்று சாய்த்தது. அபர்டீனுக்கு அப்போது பயிற்சி கொடுத்தவர் அலெக்ஸ் ஃபெர்குசன்.

அதையும் 1999-ல் நிறுத்திவிட்டார்கள். சாம்பியன்ஸ் லீக்கில் பெரிய நாடுகளின் அணிகளுக்கு இடம் கூட்டிக்கொண்டே போனார்கள். கோப்பைப் போட்டியின் மவுசு குறைந்தது. கடைசியாக ஜெயித்த லாசியோ அணியோடு கதை முடிந்தது.

"அதுதான் சூப்பர் கப் இருக்கிறதே, பேர்தானே மாறியது?" என்பீர்கள். பேரில்தான் விஷயமே இருக்கிறது. இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை 1871-ல் தொடங்கியது. இன்றும் அதே பெயர்தான். நம்ம டூரண்ட் கோப்பை 1888-ல் சிம்லாவில் தொடங்கியது. அதுவும் பேர் மாறாமல் நடக்கிறது. இன்று அதில் ஆடுகிற பையன் ஒரு கோல் அடித்தால் அந்தக் கோல் நூற்று முப்பது வருடக் கணக்கில் போய்ச் சேருகிறது. ஈஸ்ட் பெங்கால் 2024-ல் சூப்பர் கப்பை ஜெயித்தது. பழைய பெயர் இருந்திருந்தால் அது ஒன்பதாவது கோப்பை. இப்போது முதல் கோப்பை ஆகிவிட்டது. பாதி நோட்டை எழுதிவிட்டு, அட்டை பிடிக்கவில்லை என்று புது நோட்டு வாங்கினால் அம்மா சும்மா விடுவாரா?

உங்களில் பெரியவர்களுக்கு 2019 மார்ச் 9 லேசாக நினைவிருக்கலாம். வ.உ.சி. பூங்காவை ஒட்டியிருக்கிற நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் சாம்பியன் ஆனதே, அந்த நாள். அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கூட இருக்கலாம். அந்த அணியும் 2020-21 சீசனுக்குப் பிறகு அந்த லீக்கில் ஆடவில்லை.

அதனால் கால்பந்து சம்மேளனத்தாரிடம் நான் கேட்பது இரண்டே இரண்டு. சூப்பர் கப்புக்குப் பழைய பெயரையே திருப்பி வையுங்கள், 1977-லிருந்து கணக்கைத் தொடருங்கள். ஒரு தடவையாவது இறுதி ஆட்டத்தைக் கோவையில் நடத்துங்கள். 1978-ல் முடிவு தெரியாமல் போன ஆட்டம் ஒன்று இங்கே பாக்கி இருக்கிறது.