மஞ்சள் விளக்கு சொல்லும் கோள்

காரில் சாவியைத் திருகியதும் முன் பலகையில் வரிசையாகச் சில விளக்குகள் பளிச்சென்று எரிந்து, இரண்டொரு விநாடியில் அணைந்து விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒன்று, வட்டத்துக்குள் மூன்று ஆங்கில எழுத்துக்கள் கொண்ட மஞ்சள் விளக்கு. ஏ.பி.எஸ். என்பார்கள். அது மட்டும் அணையாமல் பிடிவாதமாக எரிந்து கொண்டிருக்கிறதே, என்ன செய்வது என்று மாம்பலத்துச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். பட்டறையில் காட்டினாராம். "பிரேக் கம்ப்யூட்டரே போய் விட்டது அம்மா, மொத்தமாக மாற்ற வேண்டும்" என்று சொல்லி, தலை சுற்றும்படி ஒரு தொகையையும் கூறினார்களாம். தினம் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடும் கார். ஐப்பசி மழையோ வாசலில் வந்து நிற்கிறது. கவலை நியாயந்தான்.

முதலில் பயத்தைக் கொஞ்சம் குறைத்து விடுகிறேன். மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். நிதானமாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். கூடவே சிவப்புப் பிரேக் விளக்கும் எரிந்தால் ஓட்டவே கூடாது. இழுத்துக் கொண்டு போகத்தான் வேண்டும். மஞ்சள் விளக்கினால் நாம் இழப்பது வேறொன்று. ஈரமான சாலையில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக் கொண்டு வழுக்கும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. அப்படிப் பூட்டிக் கொள்ளாமல், விநாடிக்குப் பல தடவை பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பதுதான் ஏ.பி.எஸ். ஸின் வேலை. ஜெர்மனியில் போஷ் கம்பெனி செய்து, 1978-ல் மெர்ஸிடிஸ் எஸ் கிளாஸ் காரில் வந்த ஏற்பாடு இது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிதாக விற்கும் எல்லாக் கார்களிலும் கட்டாயமாயிற்று.

எந்தச் சக்கரம் பூட்டிக் கொள்கிறது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? நாலு சக்கரத்திலும் கட்டை விரல் அளவில் ஒரு சென்ஸார் இருக்கிறது. பக்கத்தில், சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பல் வளையம். பழைய ரகத்தில் சென்ஸாருக்குள் ஒரு காந்தமும் கம்பிச் சுருளும்தான். பல் ஒவ்வொன்றும் கடக்கும் போது சிறு மின்துடிப்பு உண்டாகும். துடிப்பை எண்ணி வேகத்தைக் கணக்கிடுகிறது கம்ப்யூட்டர். புது ரகத்துக்குக் கம்ப்யூட்டரே மின்சாரம் கொடுக்க வேண்டும். பல கார்களில் பல் வளையத்துக்குப் பதிலாக பேரிங்கின் ஓரத்திலேயே காந்தப் பட்டை பதித்திருப்பார்கள். நாலு பிள்ளைகளில் மூன்று பேர் பதில் சொல்லி ஒருவன் மட்டும் வாயைத் திறக்காவிட்டால், வீட்டில் பெரியவர்கள் கணக்கை மூடி வைத்து விடுவார்கள் அல்லவா? கம்ப்யூட்டரும் அப்படித்தான் தன் வேலையை நிறுத்தி விட்டு விளக்கைப் போட்டு விடுகிறது. பெரும்பாலும் குற்றவாளி பேசாத பிள்ளை, தண்டனை பெரியவருக்கு!

ஆகவே பட்டறைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எந்தக் குறியீடு வந்தது?" ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டினால் சி 0035 என்பது போல ஓர் எண் வரும். அந்த எண் முன் இடது சக்கரத்தைக் குறிப்பது. மலிவான ஸ்கேனர்கள் பல எஞ்சினை மட்டும் படிக்கும், ஏ.பி.எஸ். படிக்கும் கருவிதானா என்று கேளுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: குறியீடு சக்கரத்தைக் காட்டுமே தவிர, கெட்டது சென்ஸாரா, ஒயரா, வளையமா என்று சொல்லாது. எண்ணைப் பார்த்தவுடன் சென்ஸாரை மாற்றுவது, இருமலைக் கேட்டவுடன் ஊசி போடுவது போலத்தான்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஸ்கேனரை மாட்டியபடியே நேர் சாலையில் சுமார் 20 கிலோ மீட்டர் வேகத்தில் ஓட்டி, நாலு சக்கரத்தின் வேகத்தையும் திரையில் பார்ப்பது. நாலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று பூஜ்யமாக நின்றால் பெரும்பாலும் ஒயர் அறுந்திருக்கும், அல்லது சென்ஸார் செத்திருக்கும். ஒன்று மட்டும் விட்டு விட்டுத் துள்ளினால் வளையத்தில் விரிசலோ, இரும்புத் தூளும் சேறும் ஒட்டியிருப்பதோ காரணமாகலாம். விளக்கே எரியாமல், கார் மெதுவாக நிற்கப் போகும் சமயத்தில் பெடல் காலடியில் கடகடவென்று உதறினாலும் இதே சந்தேகம்தான். அதை அலட்சியம் செய்யாதீர்கள். வேண்டாத இடத்தில் பிரேக்கை விட்டு விடுவதால் கார் நிற்கும் தூரம் நீண்டு விடும்.

பிறகு சக்கரத்தைத் தூக்கிக் கண்ணால் பார்க்க வேண்டும். முன் சக்கரத்து ஒயர் ஸ்டியரிங் திரும்பும் போதெல்லாம் மடங்குவதால், மேலே உறை நன்றாக இருக்க உள்ளே கம்பி அறுந்திருக்கும். இணைப்பில் மழை நீர் புகுந்து பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். சென்ஸாருக்கும் வளையத்துக்கும் நடுவே சுமார் ஒரு மில்லி மீட்டர்தான் இடைவெளி. துரு உப்பினாலும் பேரிங் ஆடினாலும் அது கெட்டு விடும். சமீபத்தில் பேரிங் மாற்றிய பிறகு விளக்கு எரிய ஆரம்பித்திருந்தால், காந்தப் பட்டை உள்ள பக்கத்தைத் திருப்பிப் போட்டு விட்டார்களா என்று கட்டாயம் கேளுங்கள். அப்படி நடப்பதுண்டு.

பழைய ரகச் சென்ஸாரை மீட்டரால் ஓம் அளந்து, எதிர்ப் பக்கத்துச் சென்ஸாரோடு ஒப்பிடலாம். புது ரகத்துக்கு இந்த அளவு உதவாது. அதைக் கெடுத்தாலும் கெடுத்து விடும். இரு பக்கமும் ஒரே மாதிரிச் சென்ஸார் உள்ள கார் என்றால் இடதை வலதில் மாட்டிப் பார்ப்பது சுலபமான வழி. குற்றமும் கூடவே இடம் மாறினால் சென்ஸார்தான். மாறாவிட்டால் ஒயரையும் வளையத்தையும் பாருங்கள். இவையெல்லாம் சரியாக இருந்து, அப்போதும் விளக்கு அணையாவிட்டால்தான் கம்ப்யூட்டரின் பேச்சை எடுக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். குறியீட்டை அழித்த பிறகு சிறிது தூரம் ஓட்டினால்தான் சில கார்களில் விளக்கு அணையும். பணம் கொடுக்கும் முன் நீங்களே சாவியைத் திருகிப் பாருங்கள். மஞ்சள் விளக்கு ஒரு முறை எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் காரை ரிப்பேர் செய்யவில்லை. விளக்கின் வாயைத்தான் கட்டியிருக்கிறார்கள்!