தேன்நிலவுக்கு ஒரு மலை போதும்!

கல்யாணம் முடிந்தது. பந்தல் பிரித்தாயிற்று. மறுவீடும் விருந்தும் ஆயிற்று. இனி, தேன்நிலவு!

மாப்பிள்ளைக்கு ஓசூர் தொழிற்பேட்டையில் வேலை. பெண்ணுக்குக் கிருஷ்ணகிரி. விடுமுறையில் மிச்சம் இருப்பது நாலே நாள். ஐந்தாம் நாள் காலை ஷிப்டுக்குப் போயாக வேண்டும்.

இந்த நாலு நாளில் மைசூர், ஊட்டி, கொடைக்கானல் மூன்றையும் பார்த்துவிடத் திட்டம் போடுகிறவர்கள் பலர். இது வீண் ஆசை!

கணக்குப் பாருங்கள். ஓசூரில் இருந்து பெங்களூர், மைசூர் வழியாக ஊட்டி 300 கிலோ மீட்டருக்கு மேல். நடுவில் பந்திப்பூர் காடு. யானையும் மானும் வண்டியில் அடிபடக்கூடாது என்று 2009-ம் ஆண்டு முதல் அங்கே இரவுத் தடை. 9 மணிக்குப் பாதையை மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். ஒரு சில பஸ்களுக்கு மட்டுமே விலக்கு. மைசூருக்குப் பொழுது சாய்ந்து போய்ச் சேர்ந்தால், நினைத்த நேரத்தில் பஸ் கிடைக்காது.

கொடைக்கானலுக்கோ ஒரு மலை இறங்கி, இன்னொரு மலை ஏற வேண்டும். ஒரு பகல் அதற்கே சரி.

பெண் பார்த்த அன்று பத்து நிமிடம் பேசியவர்கள். அவள் காபி குடிப்பாளா, டீயா? அவனுக்குத் தெரியாது. அவன் கோபக்காரனா? அவளுக்குத் தெரியாது. நாலு நாளும் பஸ்ஸைத் துரத்திக்கொண்டிருந்தால் இதையெல்லாம் எப்போது தெரிந்துகொள்வது?

"கடன் வாங்கியாவது கார் பிடி" என்பார்கள் நண்பர்கள். கல்யாணக் கடனே கழுத்தை நெரிக்கும்போது இது வேறா? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் இ-பாஸ் வந்தபோது கார்க்காரர்கள்தான் அலைந்தார்கள். அரசு பஸ்ஸில் போனவர்களுக்கு விலக்கு!

பக்கத்திலேயே ஏற்காடு இருக்கிறது. ஓசூரில் ஏறினால் கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர் கணவாய், சேலம். ஒரே நேர் சாலை. சேலத்தில் பஸ் மாறினால் சுமார் 30 கிலோ மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் கிளம்பினால் மாலைக்குள் ஏரிக்கரையில் நிற்கலாம். காபித் தோட்டம் உண்டு. சேர்வராயன் குகைக் கோவில் உண்டு. "கோவிலுக்குப் போகாமல் ஊர் சுற்றுவதா?" என்று கேட்கும் மாமியாரும் வாயடைத்துப் போவார்!

1961-ல் வந்த "தேன்நிலவு" படத்துக்குக் காஷ்மீர் வரை போனார்கள். அது சினிமா. செலவு பட முதலாளியுடையது.

மலைப் பஸ்ஸில் பெண்ணுக்கு வாந்தி வருமே என்ற பயம் நியாயமானது. உடம்பு ஆடுவதைக் காது உணர்கிறது. கண்ணோ பஸ்ஸுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். முன்பக்கத்து இருக்கை பிடியுங்கள். தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்போன் பார்க்கக்கூடாது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறவும் கூடாது.

மூன்று இரவு ஒரே அறை. பெட்டியை ஒருமுறை பிரித்து, ஒருமுறை கட்டினால் போதும். நாலாம் நாள் காலை இறங்கினால், வழியில் கிருஷ்ணகிரியில் பெண்ணின் அம்மாவைப் பார்த்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஓசூர் வந்துவிடலாம்.