முட்டைப் பெட்டியைக் கோழி ஏன் மறுக்கிறது?

மேற்கு வங்கத்தின் புறக்கடைக் கோழி வளர்ப்பு குறித்த உரையாடல்களில் ஒரு குறை அடிக்கடி எழும்: வைத்த பெட்டியில் கோழி முட்டையிடுவதில்லை, மூங்கிற்புதரிலோ வைக்கோற்போரிலோ இட்டுவிட்டு வருகிறது. இதைக் கோழியின் குணக்கேடாகக் கருதி, அதற்குப் 'பயிற்சி' அளிப்பது பற்றியே நாம் பேசுகிறோம். பிழை கோழியிடம் இல்லை, பெட்டியை வடிவமைத்தவரிடம் இருக்கிறது என்பதே என் கருத்து.

எடின்பரோவில் வுட்-கஷ்ஷும் கில்பர்ட்டும் செய்த ஆய்வுகள் இவ்வகையில் முக்கியமானவை. கூடு தேடும் உந்துதல், முட்டை வெளிவரும் வேளையில் அதன் அழுத்தத்தால் தோன்றுவதன்று. ஏறத்தாழ ஒரு நாள் முன்னர்க் கருமுட்டையை வெளியிட்ட சினைப்பையின் நுண்ணறையே அதைத் தூண்டுகிறது. அந்த நுண்ணறையை அகற்றினால் கூடு தேடும் நடத்தை குலைகிறது. ஆகவே காலையில் கேறிக்கொண்டு மூலை மூலையாக நுழைந்து பார்க்கும் கோழி, முந்தைய நாளே தன் உடல் பிறப்பித்த கட்டளையை நிறைவேற்றுகிறது. அது தேடுவது இருள், மறைவு, மிதித்துக் குழியாக்கத்தக்க மெத்தை ஆகியவற்றை. வெளிச்சத்தில் திறந்து கிடக்கும் பலகைப் பெட்டியைவிட மூங்கிற்புதர் இம்மூன்றையும் நன்றாகவே தருகிறது!

எனவே தீர்வுகள் எளியவை. ஓரடி நீள அகல உயரம், நான்கைந்து கோழிகளுக்கு ஒரு பெட்டி, முகப்பில் ஒரு சாக்குத் திரை, உள்ளே வைக்கோலோ உமியோ. வெடைக்கோழி முதல் முட்டையிடுவதற்குச் சில வாரங்கள் முன்பே பெட்டி இருக்கவேண்டும். முட்டையிடத் தொடங்கியபின் வைத்தால் அது தன் இடத்தை ஏற்கெனவே தேர்ந்திருக்கும். இரவில் அமரும் கழி பெட்டியைவிட உயரமாக இருப்பது நன்று. கோழி உயரத்தையே நாடும் என்பதால், இல்லையேல் பெட்டியிலேயே உறங்கி எச்சமிட்டுப் பாழாக்கும். பெரும்பாலான முட்டைகள் முற்பகலில் இடப்படுவதால், புதிய கோழிகளை அதுவரை அடைத்துவைத்துப் பின்னர் மேயவிடலாம். பெட்டியில் ஒரு முட்டையையோ முட்டை போன்ற கல்லையோ விட்டுவைப்பதும் பயன் தரும். இக்கடைசி உத்தியை நம் பாட்டிமார் எந்த ஆய்விதழையும் படித்து அறியவில்லை. தமிழகத்துப் பஞ்சாரத்தையும் பழங்கூடையையும், வங்கத்து வீட்டுக் 'கோப்'பையும் பராமரித்த பெண்களின் அறிவு அது. நம் மேற்கோள் பட்டியல்களில் அவர்களுக்கு இடமில்லை என்பது வேறு கதை.

இன மேம்பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ரோட் ஐலண்ட் ரெட், ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட வனராஜா போன்ற கோழிகளிடம் அடைகாக்கும் இயல்பு மிகக் குறைவு; தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து அதைக் குறைத்துவிட்டோம். கூடு தேடும் இயல்பு மட்டும் குறையவில்லை. அடையை இழந்த கோழியும் கூட்டை இழக்கவில்லை. கம்பிக் கூண்டில் நாள் முழுதும் நிற்கும் கோழி, முட்டையிடுவதற்கு முன் அங்குமிங்கும் அலைவது இதனால்தான். ஐரோப்பிய ஒன்றியம் வெறுங்கூண்டுகளை 2012 சனவரி முதல் தடைசெய்தது. இந்தியச் சட்ட ஆணையம் 2017இல் தன் 269ஆம் அறிக்கையில் முட்டைக்கோழிகளின் வாழ்நிலையை ஆராய்ந்தது. நாமக்கல் பண்ணைகளைப் பற்றிய அவ்விவாதத்தில் ஆர்வம் காட்டும் நாம், கொல்லைப்புறக் கோழிக்கும் அதே தேவை உண்டென்பதை மறந்துவிடுகிறோம்.

2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் புறக்கடைக் கோழியினங்கள் சுமார் 31.7 கோடி, 2012ஐவிட ஏறத்தாழ 46 விழுக்காடு அதிகம். வளர்ச்சியை இப்படித் தலைகளை எண்ணி அளக்கும்போது, புதரில் கீரிக்கும் பாம்புக்கும் போகும் முட்டை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அது வீட்டுப் பெண்ணின் கைக்காசு. கணவரிடம் கேட்காமல் பிள்ளைக்கு நோட்டு வாங்கும் பணம் பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது. சுய உதவிக் குழுக்களுக்குக் குஞ்சு வழங்கும் அரசுத் திட்டங்கள் அத்துடன் இரண்டு பெட்டிகளையும் ஒரு சாக்குத்துண்டையும் சேர்த்தே வழங்கவேண்டும். பெல்காச்சியாவிலுள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்தைப் போன்ற நிறுவனங்களின் முதுகலை மாணவர்கள், தீவன விகிதங்களுக்கு அப்பால், தென் இருபத்து நான்கு பர்கானாக்களின் ஊர்களில் எத்தனை முட்டைகள் எங்கே தொலைகின்றன என்பதை ஆய்வுத் தலைப்பாக எடுக்கலாம். அதற்கு வேண்டிய கருவி ஒரு குறிப்பேடும், விடிகாலையில் எழும் பழக்கமும்தான்.