கதவைத் தட்டத் தயக்கம் ஏன்?

1907-ம் ஆண்டு. கல்கத்தா நகரம்.

டிராம் வண்டி போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு தமிழ் வாலிபர் இருந்தார். வயது 18. அரசாங்க நிதி இலாகாவில் உத்தியோகம். ஊருக்குப் புதியவர்.

பௌபஜார் தெருவில் ஒரு கட்டடம். அதன் முகப்பில் ஒரு பெயர்ப் பலகை. விஞ்ஞான வளர்ச்சிக்கான இந்தியச் சங்கம் அங்கே இருப்பதாக அந்தப் பலகை சொன்னது.

அந்தப் பலகையை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்த வாலிபர் அப்படிப் போகவில்லை. வண்டியிலிருந்து இறங்கினார். நேரே நடந்தார். கதவைத் தட்டினார்.

கதவு திறந்தது!

அந்த வாலிபர் யார் தெரியுமா? அவர்தான் சர் சி. வி. ராமன். 1888-ல் திருவானைக்காவலில் பிறந்தவர். திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குப் பஸ்சில் போகிறவர்கள் தினமும் தாண்டிப் போகும் அதே திருவானைக்காவல்தான்.

ஆபீசுக்குப் போகுமுன் காலையில் ராமன் அந்தச் சங்கத்துக்குப் போவார். ஆபீஸ் முடிந்து மாலையிலும் போவார். 1928-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி அங்கேதான் ஒளியைப் பற்றிய தம் புகழ் பெற்ற உண்மையைக் கண்டார். 1930-ல் நோபல் பரிசு பெற்றார். அந்த பிப்ரவரி 28-ந் தேதியைத்தான் தேசிய விஞ்ஞான தினமாக நாடு கொண்டாடுகிறது.

அன்று அவர் டிராமிலேயே உட்கார்ந்திருந்தால்?

இன்றும் கதவுகள் உண்டு

இந்தப் பழைய கதையை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது.

இன்று திருச்சியில் படிப்புக்குக் குறைவில்லை. 1964-ல் தொடங்கிய மண்டலப் பொறியியல் கல்லூரி, இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக விளங்குகிறது. 2013-ல் இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகமும் வந்தது. நவல்பட்டில் எல்காட் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. காவிரிக்கு அக்கரையிலும் இக்கரையிலும் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை இல்லாத தெருவே இல்லை எனலாம்.

படித்தால் மட்டும் போதுமா? தொழில் செய்கிறவர்களைப் பார்க்க வேண்டும். அவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். சந்தேகம் கேட்க வேண்டும். இதற்காகத்தான் இப்போது பல ஊர்களிலும் கம்ப்யூட்டர் துறையினர் சனி, ஞாயிறுகளில் ஒன்றுகூடுகிறார்கள். "மீட்டப்" என்று இதற்குப் பெயர்.

பெயர் புதிது. விஷயம் பழையது. சங்கம் வைத்துக் கூடிப் பேசுவது தமிழனுக்குப் புதிதா என்ன?

அங்கே என்ன நடக்கும்?

ஒன்றும் பயப்படும்படி நடக்காது.

ஒரு கல்லூரி அறையோ, ஒரு கம்பெனியின் கூடமோ கிடைக்கும். இருபது, முப்பது பேர் வருவார்கள். ஒருவர் எழுந்து, தாம் செய்த ஒரு வேலையைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். எங்கே தவறினார், எப்படித் திருத்தினார் என்று சொல்வார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். பிறகு இன்னொருவர் பேசுவார். நடுவே டீ வரும்.

அந்த டீ நேரம்தான் முக்கியம்! பாடப் புத்தகத்தில் இல்லாத விஷயங்கள் அப்போதுதான் காதில் விழும். எந்த வேலைக்கு எதைப் படிக்க வேண்டும், எந்தப் படிப்புக்குப் பணம் கட்டத் தேவையில்லை என்பதெல்லாம் அனுபவஸ்தர் வாயிலிருந்து வரும்.

பெரும்பாலும் இந்தக் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. முன்கூட்டிப் பெயர் கொடுத்தால் போதும்.

வாசல் வரை வந்த பெண்

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் இரண்டாம் வருஷம். கூட்டம் நடப்பதைத் தோழி சொல்கிறாள். போக ஆசை. பெயரும் கொடுத்துவிட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமையில் என்னம்மா கூட்டம்? யார் யார் வருவாங்க? எத்தனை மணிக்கு முடியும்?" என்று அப்பா கேட்கிறார்.

பதில் சொல்லி, அனுமதி வாங்கி, பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி வந்துவிடுகிறாள். வாசலில் வந்ததும் கால் நின்றுவிடுகிறது.

உள்ளே எல்லோரும் இங்கிலீஷில் பேசுகிறார்களே! எல்லார் கையிலும் லேப்டாப் இருக்கிறதே! என்னை யாராவது கேள்வி கேட்டால்? உடுத்தியிருக்கும் உடை சரியா? பெண்கள் யாரையும் காணோமே!

ஐந்து நிமிஷம் நிற்கிறாள். யாரும் "வாம்மா" என்று சொல்லவில்லை. திரும்பிப் போய்விடுகிறாள். "கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது" என்று வீட்டில் சொல்கிறாள். மறு தடவை அவள் வரமாட்டாள்.

இப்படி வாசலோடு திரும்பும் பிள்ளைகளின் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை. உள்ளே வந்தவர்களின் பெயர்தான் நோட்டில் இருக்கும். நஷ்டம் அந்தப் பெண்ணுக்கு மட்டுமா? ஊருக்கும்தான்!

பெரியவர்களும் பயந்தார்கள்

இந்தப் பயம் யாருக்கும் வரும். ஆப்பிள் கம்ப்யூட்டரை உலகத்துக்குக் கொடுத்தவருக்கே வந்தது!

1975-ம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், மென்லோ பார்க் என்ற ஊர். ஒரு வீட்டின் கார் ஷெட்டில் சுமார் முப்பது பேர் கூடினார்கள். வீட்டிலேயே கம்ப்யூட்டர் செய்து பார்க்கும் ஆசை கொண்டவர்கள் அவர்கள்.

அங்கே ஸ்டீவ் வாஸ்னியாக் என்ற வாலிபரும் வந்தார். வயது 24. கால்குலேட்டர் செய்யும் வேலையில் இருந்தார். ரொம்பவும் கூச்ச சுபாவம். வேறு ஏதோ விஷயம் பேசுவார்கள் என்று நினைத்து வந்துவிட்டார். அவர்கள் பேசியதோ அவருக்குப் பழக்கமில்லாத புதிய சங்கதி. "இது நமக்கான இடம் இல்லை போலிருக்கிறதே" என்று கலங்கினார்.

ஆனாலும் அவர் எழுந்து போகவில்லை. அங்கே கொடுத்த ஒரு தாளை வீட்டுக்குக் கொண்டுபோனார். அது ஒரு புதிய மின்னணுச் சில்லின் விவரம். அதைப் படித்தபோது அவருக்கு ஒரு யோசனை உதித்தது. அந்த யோசனைதான் ஆப்பிள் கம்ப்யூட்டர் ஆயிற்று! 1976-ல் அவரும் ஸ்டீவ் ஜாப்ஸும் சேர்ந்து கம்பெனி தொடங்கினார்கள்.

முதல் நாள் ஒன்றும் புரியாவிட்டால் குடி முழுகிப் போகாது. ஒரு தாளைக் கையில் கொண்டு வந்தாலே லாபம்தான்.

தமிழில் பேசினால் என்ன?

பாதிப் பேரை வாசலில் நிறுத்துவது இங்கிலீஷ்.

கம்ப்யூட்டர் விஷயத்தைத் தமிழில் சொல்ல முடியாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஸ்ரீரங்கமே பதில் சொல்லும். எழுத்தாளர் சுஜாதா வளர்ந்த ஊர் அது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வாக்குப் பதிவு இயந்திரத்தை உருவாக்கும் வேலையில் தலைமை ஏற்றவர். அவரே கம்ப்யூட்டரைப் பற்றித் தமிழில் எழுதினார். பத்திரிகை வாசிக்கிற சாமானியர்களும் அதைப் படித்துப் புரிந்துகொண்டார்கள். 2008-ல் அவர் காலமானார். அவர் காட்டிய வழி இன்றும் இருக்கிறது.

அந்த வழியில் பலர் நடக்கிறார்கள். சாப்ட்வேர் விஷயங்களைத் தமிழில் சொல்வதற்காகவே 2012-ல் "கணியம்" என்ற மின்னிதழ் தொடங்கியது. விழுப்புரத்தில் இளைஞர்கள் ஒரு லினக்ஸ் குழு அமைத்து, கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தார்கள். லினக்ஸ் என்பது காசு கொடுக்காமல் யாரும் பயன்படுத்தக்கூடிய சாப்ட்வேர். அது எப்படி இயங்குகிறது என்று உள்ளே பிரித்தும் பார்க்கலாம்.

விழுப்புரத்தில் முடிந்தது திருச்சியில் முடியாதா? "கீ போர்டு", "புரோகிராம்" போன்ற சொற்கள் அப்படியே இருக்கட்டும். விளக்கம் தமிழில் இருக்கட்டும். கேள்வியைத் தமிழில் கேட்கலாம் என்று ஆரம்பத்திலேயே ஒருவர் அறிவித்தால் போதும். பின் வரிசையில் கைகள் உயரும்!

பெற்றோர் கவனத்துக்கு

அந்தப் பெண்ணின் அப்பா கேட்ட கேள்விகளில் தவறில்லை. எல்லாப் பெற்றோரும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். கேட்டுவிட்டு, பதில் சரியாக இருந்தால் அனுப்பி வைக்க வேண்டும்.

நடத்துகிறவர் யார்? இடம் கல்லூரியா, கம்பெனியா? எத்தனை மணிக்கு முடியும்? இந்த மூன்றும் தெரிந்தால் போதும். சந்தேகம் இருந்தால் முதல் தடவை கூடவே போகலாம். பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கேட்கலாம். அப்பாவோ அம்மாவோ வந்தால் யாரும் கேலி செய்யப் போவதில்லை.

ஒரு எச்சரிக்கையும் தேவை. "இத்தனை ஆயிரம் கட்டுங்கள், வேலை வாங்கித் தருகிறோம்" என்று ஒரு கூட்டத்தில் சொன்னால், அது அறிவை வளர்க்கும் கூட்டம் அல்ல. உடனே எழுந்து வந்துவிட வேண்டும். நல்ல கூட்டத்தில் விஷயம் கிடைக்கும். சிநேகம் கிடைக்கும். வேலை பற்றிய தகவலும் காதில் விழலாம். பேரம் மட்டும் இருக்காது.

உள்ளே இருப்பவர்களே!

வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்வது சுலபம். ஆனால் பாதிப் பொறுப்பு உள்ளே இருப்பவர்களுடையது.

ராமனின் கதைக்கு மறுபடி வருவோம். அவர் கதவைத் தட்டினார். சரி. திறந்தவர் யார்?

அவர் பெயர் அசுதோஷ் தே. சங்கத்தில் வேலை பார்த்தவர். "ஆஷு பாபு" என்று அழைப்பார்கள். முன்பின் தெரியாத அந்தத் தமிழ் வாலிபரை உள்ளே அழைத்துப்போய், சங்கச் செயலாளரிடம் சேர்த்தவர் அவர்தான்.

ஆஷு பாபு கல்லூரியில் படித்தவர் அல்ல. ஆனால் பிறகு பல ஆண்டுகள் ராமனுக்கு ஆராய்ச்சியில் வலக்கையாக இருந்தார். லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அவர் பெயரிலேயே கட்டுரை வெளிவந்தது! கதவைத் திறந்து விட்டவரும் உயர்ந்தார். உள்ளே வந்தவரும் உயர்ந்தார்.

கூட்டம் நடத்துகிறவர்கள் பெரிய ஏற்பாடு எதுவும் செய்ய வேண்டாம். வாசலில் ஒருவரை நிறுத்துங்கள். புது முகம் கண்டதும் "வாங்க" என்று அவர் சொல்லட்டும். பெயரைக் கேட்டு, இன்னொருவருக்கு அறிமுகம் செய்து வைக்கட்டும். "எந்தக் கம்பெனியில் வேலை?" என்பது முதல் கேள்வியாக வேண்டாம். வேலை இல்லாதவர் மனம் அதிலேயே சுருங்கிவிடும். பெண்களை மேடையிலும் பேசச் சொல்லுங்கள். பொழுது சாயுமுன் கூட்டத்தை முடியுங்கள். பிள்ளைகள் பஸ் பிடித்து வீடு போய்ச் சேர வேண்டும்.

இவற்றுக்குக் காசு செலவில்லை. மனம் இருந்தால் போதும்.

சித்திரை வீதிப் பெண் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்து பார்க்கட்டும். ஆனால் அன்றைக்கு அவள் கதவைத் தட்டும்படி இருக்கக் கூடாது. கதவு திறந்தே இருக்க வேண்டும். வாசலில் ஓர் ஆஷு பாபு நிற்க வேண்டும்.